பின்சீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர்

வெள்ளிமலையில் ஜீப் ஓட்டும் அவர், ஹாம் ரேடியோவில் பேசத் தேர்வெழுதி லைசென்ஸ் வாங்கிக்கொண்டுதான், ஜீப்பில் அதைப் பொருத்தித் தரச் சொல்லி கள்ளக்குறிச்சியில் என்னிடம் வந்தார். ஒடிசலான உடம்பு, தூங்காத கண்கள். நான் முடுக்கிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தானும் ஒருமுறை திருகிப் பார்ப்பார். ஆன்டெனாவுக்காகக் கூரையில் ஓட்டை போட எல்லோரும் தயங்குவார்கள்; அவர் “நடுவுலயே போடுங்க” என்றார். ஸ்பீக்கரைத்தான் தன் பக்கத்தில் வைக்க விடவில்லை.

“பின்னாடி வைங்க சார்.”

“ஓட்டுறது நீங்க. உங்களுக்குக் கேட்க வேணாமா?”

“எம் பொண்ண பாம்பு கடிச்சி, பின்னாடி படுக்க வச்சிக்கினு மலை எறங்கினேன். போன்ல டவர் எடுக்கல. ரோட்டயே பாத்துக்கினு வந்தேன். எந்த வளைவுல உசுரு போச்சின்னு இன்னிக்கும் தெரியல சார். பின்னாடி படுத்திருக்கறவங்களுக்கு ஒரு கொரலு கேக்கணும்.”

போன மழையில் ரேடியோவில் அவர் கூப்பிட்டார். “பின்னாடி பிரசவ வலியோட ஒரு பொண்ணு இருக்குதுங்க. எதுனா பேசுங்க சார்.”

ரேடியோவில் முகம் தெரியாதவர்களோடு மணிக்கணக்கில் பேசுகிறவன் நான். அன்று “கேட்குதாம்மா?” என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அவர்தான் பதில் சொன்னார்: “கேக்குதுங்க. நிறுத்தாதீங்க.”

அவர் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்துத்தான் சொன்னாரா, ரோட்டையே பார்த்தபடி சொன்னாரா என்று இதுவரை நான் கேட்கவில்லை.