டிக்கெட் ஏழுமலை அண்ணனும் லக்ஸரில் இரண்டு நாளும்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார்.

காலையில் போன் வந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள்... செஞ்சி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

செஞ்சிக் கோட்டைக்கு வந்தவர்கள் நிறைய பேர் அவரைப் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. ராஜகிரி அடிவாரத்தில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் பெரிய மீசையோடு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். அந்த டிக்கெட்டை வாங்கிப் பார்த்து கேட்டில் உள்ளே விடுகிற வேலை எனக்கு. பதினெட்டு வருஷம் ஒன்றாகக் குப்பை கொட்டினோம்.

"தண்ணி எடுத்துகினு போங்க, பையை குரங்கு கண்ணுல காட்டாதீங்க." ஒவ்வொரு டிக்கெட்டோடும் இதைச் சொல்வார். வெள்ளைக்காரனுக்கும் தமிழில்தான். அவனும் தலையாட்டிவிட்டுப் போவான்.

ஊரெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது, நாம் மட்டும் ஜன்னலுக்கு இந்தப் பக்கமே கிடக்கிறோம் என்று அவருக்கு ஒரு குறை. "ஒரு தடவையாவது வேற ஊர்ல கியூவுல நின்னு நான் டிக்கெட் வாங்கணும்டா" என்பார். வேற ஊர் என்றால் மகாபலிபுரம் என்று நினைத்தேன். மனுஷன் எகிப்து என்றார்!

அங்கே லக்ஸர் என்று ஒரு ஊர். மலையைக் குடைந்து அந்தக் காலத்து ராஜாக்களைப் புதைத்திருக்கிறார்கள். பேப்பரில் வந்த படத்தை வெட்டி கவுண்டருக்குள்ளேயே ஒட்டி வைத்திருந்தார். "அதுக்குள்ள ஒருவாட்டி எறங்கிப் பார்த்துட்டா போதும்டா எனக்கு."

ரிட்டையர் ஆனதும் ஆறு நாள் பேக்கேஜ் டூரில் பெயர் கொடுத்துவிட்டார். அண்ணியைக் கூப்பிட்டார். "எனக்கு மாடு கண்ணு இருக்குது, நீ அவன இட்டுகினு போ" என்று அண்ணி என்னைக் கைகாட்டிவிட்டார்கள்.

லக்ஸரில் இரண்டே நாள். முதல் நாள் கர்னாக் கோயில். கைடு எல்லோருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கப் போனார். அண்ணன் விடுவாரா? வெயிலில் கியூவில் நின்று தன் டிக்கெட்டைத் தானே வாங்கினார். வாங்கியும் நகரவில்லை... ஜன்னலுக்குள் எட்டி எட்டிப் பார்க்கிறார். பின்னால் இருக்கிறவர்கள் கத்துகிறார்கள்.

"பாவம்டா, என்ன மாதிரியே அவனுக்கும் ஃபேன் ஓடல" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

உள்ளே தூண்களைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டார். ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க எங்கள் குரூப்பில் பாதிப் பேர் கைகோர்க்க வேண்டும். "நம்ம கோட்டை கல்யாண மகாலு இதுங்கிட்ட நிக்காதுடா" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா நம்ம கோட்டைல குரங்கு இருக்குது" என்றார். அதில் என்ன பெருமை என்று கேட்டேன். முறைத்தார்.

மறுநாள்தான் ராஜா சமாதிகள். அங்கேதான் நான் சொதப்பினேன்.

முதல் நாள் சாயங்காலம் நைல் கரையில் கரும்புச் சாறு. நம் ஊர் மாதிரியே மிஷினில் பிழிகிறார்கள். "ஐஸ் போடாம குடிடா, இன்னா தண்ணியோ" என்று அண்ணன் சொல்லச் சொல்ல, ஐஸ் போட்டு மூன்று கிளாஸ் இறக்கினேன். திமிர்.

விடிவதற்குள் வயிறு கலக்கி ஆளையே சாய்த்துவிட்டது. ஓட்டல் வாசலில் பஸ் ஹாரன் அடிக்கிறது. "நீ போ அண்ணே, நான் படுத்துக்கறேன்" என்றேன். சரி என்று தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஐந்து நிமிஷம் இருக்கும்... திரும்பி வந்துவிட்டார்.

"பஸ்ஸு?"

"போவ சொல்லிட்டேன்."

"உனக்கு இன்னா பைத்தியமா அண்ணே?"

"பாஷ தெரியாத ஊர்ல உன்ன ஒண்டியா உட்டுட்டு நான் சமாதி பார்க்கப் போவணுமா? வாயை மூடிகினு இதைக் குடி."

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். மதியம் வரை டம்ளர் டம்ளராக அதையே ஊற்றினார். பாத்ரூம் வரை தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போனார். அன்று மாலையே பிளைட். அவ்வளவுதான் லக்ஸர்.

ஊர் திரும்பியதும் கோட்டை வாசல் டீக்கடையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "சமாதிக்குள்ள போனீங்களா? எப்பிடி இருந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். "எறங்க எறங்க நம்ம தளவானூர் கொகை மாதிரி ஜில்லுனு இருக்குது. மேல பூரா நீலத்துல நட்சத்திரம் வரைஞ்சி வச்சிருக்கான்..."

எல்லாம் குரூப்பில் ஒருவர் போனில் எடுத்த வீடியோவில் பார்த்தது. உள்ளே புழுங்கித் தள்ளும் என்று அந்த ஆள் பிறகு என்னிடம் சொன்னார். வீடியோவில் அது எப்படித் தெரியும்?

தனியாக மடக்கிக் கேட்டேன். "இன்னா அண்ணே, இப்பிடிப் புளுகற?"

"பின்ன, உனக்கு வயித்தால போனத ஊருக்கே சொல்லட்டுமா? சும்மா வாடா."

சும்மாவே இருந்துவிட்டேன். இத்தனை வருஷம். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

இன்று அவலூர்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "அவருக்கு ஒரு கொறையும் இல்லப்பா. ஆசைப்பட்ட எடத்தைப் பார்த்துட்டுதான் போயிருக்காரு. டிவில அந்த சமாதியக் காட்டினாக்கூட சேனல மாத்திடுவாரு. நேர்ல பார்த்தவனுக்கு டிவி எதுக்குன்னுவாரு..."

என்னால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன்.

அண்ணன் மகன் மணிக்கு ஒரு வார்த்தை: தம்பி, நீ பேஸ்புக்கில் இருக்கிறாய். காரியமெல்லாம் முடிந்ததும் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுப்பா.

உங்கப்பா அந்தச் சமாதிகளில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. நான் படுத்திருந்த கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஒருவாட்டியாவது என்னத் திட்டியிருக்கலாம் அண்ணே... நல்லபடியா போ.