ஆரோக்கியமேரி நிறைவேற்றிய தீர்மானம்

ஆம்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பூட்ஸுகளில் ஒரு ரகம் இருந்தது. மேல்தோல் நம் மாட்டுடையது, உள்ளே ஒட்டுகிற மெத்தென்ற ஆட்டுத்தோல் துருக்கியுடையது, அதை மாட்டிக்கொண்டு பனியில் நடக்கிற கால் ஜெர்மனியுடையது. இப்படி மூன்று தேசங்கள் ஒரே பாதத்தில் ஒற்றுமையாக வாழ்ந்துகொண்டிருந்தபோது, 2016 ஜூன் தொடக்கத்தில் ஜெர்மன் பாராளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. நூறு வருஷத்துக்கு முன்னால் உதுமானியப் பேரரசில் ஆர்மீனியர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டது இனப்படுகொலைதான் என்றது அந்தத் தீர்மானம். அன்றைக்குக் கூட்டாளியாக இருந்துகொண்டு வாயை மூடியிருந்த ஜெர்மனிக்கும் அதில் பங்குண்டு என்றும் ஒத்துக்கொண்டது. உதுமானியரின் வாரிசான துருக்கிக்குக் கோபம் வந்து பெர்லினிலிருந்த தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

இதை உலகத் தலைவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று எழுத ஆட்கள் இருக்கிறார்கள். ஆம்பூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியின் விருந்தினர் விடுதியில் சமையலையும் பரிமாறலையும் பார்த்துக்கொண்டிருந்த ஆரோக்கியமேரி எப்படி எடுத்துக்கொண்டாள் என்று எழுத யாரும் இல்லாததால் நாம் எழுத வேண்டியிருக்கிறது. அவள் அதைப் பழிவாங்கக் கிடைத்த வாய்ப்பாக எடுத்துக்கொண்டாள்.

மேரிக்கு மாதனூர்ப் பக்கம். பத்தாவது முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறித் தையல் செக்‌ஷனுக்கு வந்தவள். அதே முதலாளியின் தோல் ஷெட்டில் வேலை பார்த்த சூசைராஜ், பஸ்ஸில் அவளுக்காக ஜன்னல் சீட்டில் டிபன் கேரியரை வைத்து இடம் பிடிப்பான். ஊறின தோலை ரெண்டு ரெண்டாகத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி நடக்கிற ஆள். கல்யாணமாகி ரெண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒரு நாள் ஷெட்டின் கழிவுநீர்த் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் மேனேஜராக வந்திருந்த முதலாளி மகன் நயீம் அகமது, "இறங்கிப் பாருப்பா, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். முகமூடி கிடையாது, இடுப்பில் கயிறும் கிடையாது. சூசைராஜ் இறங்கினான். தொட்டிக்குள் இருந்த வாயு அவனை மேலே வர விடவில்லை.

சாயங்காலத்துக்குள் கம்பெனி அவனுக்கு நெஞ்சுவலி என்று முடிவு செய்துவிட்டது. லாரி டயர் அளவுக்கு ஒரு மலர்வளையம் வந்தது. "மேரிம்மா நம்ம குடும்பம் மாதிரி" என்று சொல்லி அவளை விருந்தினர் விடுதிக்கு மாற்றினார்கள். பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டியிருந்ததால் அவளும் குடும்பம் மாதிரி நடந்துகொண்டாள்.

நயீம் அகமது எம்.டி. ஆனார், தொந்தி போட்டார், பேரன் எடுத்தார். வருஷா வருஷம் சூசைராஜின் நினைவு நாளில் மேரி அவர் முன்னால் போய் நிற்பாள்.

"சார், ஒரே ஒரு தடவ, எங்க தப்புனு சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

"மேரிம்மா, அது ஒரு துரதிர்ஷ்டமான சம்பவம்" என்பார் அவர். வருஷத்துக்கு வருஷம் அதில் ஒரு எழுத்து மாறியதில்லை.

பேரரசுகளை எதிர்க்கிற எளியவர்களுக்கென்று சில போர்முறைகள் உண்டு. மேரி அவற்றை ஒன்றுவிடாமல் கையாண்டாள். எம்.டி.க்குப் போகிற டீ எப்போதும் ஆறித்தான் போகும். பிரியாணியில் நல்லி எலும்பு இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் தட்டில் விழுந்ததில்லை. எலுமிச்சை ஜூஸில் கொட்டைகளைத் தேடிப் பொறுக்கி அவருடைய டம்ளரில் போடுவாள். இவ்வளவு நடந்தும் பேரரசு ஆட்டம் காணவில்லை. தனக்கு நல்லி கிடைக்கவில்லை என்பதே எம்.டி.க்குத் தெரியாது.

அந்த ஜூன் மாதம் என்ன ஆயிற்றென்றால், பூட்ஸ் வாங்குகிற ஜெர்மன்காரரும் ஆட்டுத்தோல் அனுப்புகிற துருக்கிக்காரரும் ஒரே நாளில் வருவதாக ஏற்பாடாகியிருந்தது. வழக்கமாக அவர்கள் தனித்தனியாகத்தான் வருவார்கள். அடுத்த நாளிலிருந்து நோன்பு. நோன்பு தொடங்கிவிட்டால் பெருநாள்வரை மத்தியான விருந்து வைக்க முடியாது, ஆம்பூருக்கு வந்த விருந்தாளியைப் பிரியாணி இல்லாமல் அனுப்பினால் ஆர்டர் நிலைக்காது. ஆகவே ரெண்டு பேருக்கும் திங்கட்கிழமை மத்தியானம் ஒரே மேஜை. தேதி குறிக்கும்போது ஜெர்மன் பாராளுமன்றத்தைக் கலந்தாலோசிக்க எம்.டி.க்குத் தோன்றவில்லை.

ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கும் சமீருல்லா சனிக்கிழமை அடுக்களைக்கு வந்து சொன்னான். "மேரிக்கா, திங்கக்கிழம ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல ஒக்கார வெச்சிடாதீங்க. நடுவுல எம்.டி. இருக்கணும். பெரிய பேஜாரு."

"இன்னா பேஜாரு?"

அவன் தீர்மானத்தைச் சொன்னான். "இத்தினி பேரு செத்தது நெஜம்னு துருக்கியும் ஒத்துக்குது. ஆனா யுத்த காலம், பசி, நோயி, ரெண்டு பக்கமும் சாவுன்றாங்க. இனப்படுகொலைன்ற அந்தப் பேரு மட்டும் வெக்கக்கூடாதாம்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மேரியின் கை நின்றது. "நூறு வருஷம் ஆனாலும் அந்த ஜனங்க கேட்டுக்கினே கீறாங்களா?"

"கேட்டுக்கினே இருக்காங்க."

"வேற ஊர்க்காரன் கூட்டம் போட்டு ஆமாம்னு சொன்னா இவங்களுக்குக் கோவம் வருதா?"

"வருதே. தூதரையே வாபஸ் வாங்கிட்டாங்க."

மேரி மிச்ச வெங்காயத்தை வெகு வேகமாக நறுக்கி முடித்தாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு சம்பிரதாயம் உண்டு. வெளிநாட்டு விருந்தாளி யார் வந்தாலும் விடுதிப் புல்வெளியில் ஒரு மரக்கன்று நட வேண்டும். கன்றுக்குப் பக்கத்தில் அவர் பெயர் எழுதிய பலகை பட்டுத் துணியால் மூடியிருக்கும், அவர் கயிற்றை இழுத்ததும் துணி விழும், எல்லோரும் கைதட்டுவார்கள். பலகை எழுதுகிறவர் கம்பெனி பெயின்டர் காசிநாதன். கன்றும் துணியும் பூவாளியும் மேரியின் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேரி நேராக காசிநாதன் வீட்டுக்குப் போனாள்.

"வேல போய்டும் மேரி" என்றார் காசிநாதன், விஷயத்தைக் கேட்டுவிட்டு.

"எனுக்குத்தான போவும். உனுக்கு இன்னா? மேரி சொன்னா, எழுதினேன்னு சொல்லு."

"எங்கிட்ட கேப்பாங்களே, நீ படிக்கலியான்னு."

"சூசை உனுக்கு யாரு?"

"தோஸ்த்து."

"அப்போ எழுது. எழுத்து பெருசா இருக்கட்டும். அந்தாளுக்கு இப்பல்லாம் கண்ணு கம்மி."

திங்கட்கிழமை விருந்து நடந்தது. மேஜையில் ரெண்டு நாட்டுக் குட்டிக் கொடிகளும் வைத்திருந்தார்கள். வரவேற்பறைப் பெண் ஜாஸ்மின், நட்பு வளரட்டுமே என்று ரெண்டையும் ஒரே தாங்கியில் செருகியிருந்தாள். மின்விசிறிக் காற்றில் அவை ஒன்றை ஒன்று அறைந்துகொண்டிருந்தன.

ஜெர்மன்காரர் ஒல்லியானவர், ஒவ்வொரு பருக்கையையும் ஆய்வு செய்து சாப்பிடுகிறவர். கேட்காமலே தொடங்கினார். கசப்பான உண்மையை ஒத்துக்கொண்டால்தான் நண்பர்களுக்குள் நட்பு பலப்படும், நாங்கள் எங்கள் பங்கையும் சேர்த்துத்தானே ஒத்துக்கொண்டோம் என்றார். துருக்கிக்காரர் கத்திரிக்காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே, வரலாற்றை வரலாற்று ஆசிரியர்களிடம் விடுங்கள், அடுத்தவர் வீட்டுப் பாவத்துக்கு ஓட்டுப்போடுவது சுலபம் என்றார். நடுவில் எம்.டி. ஐக்கிய நாடுகள் சபையாக உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் பிரியாணி?" என்ற ஒரே தீர்மானத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். ரெண்டு வல்லரசுகளும் அதை நிராகரித்தன. அன்றைக்கு நல்லி ரெண்டும் விருந்தாளிகளுக்குப் போயின.

சாப்பாடானதும் எல்லோரும் புல்வெளிக்கு வந்தார்கள். டீ நேரமாகிவிட்டதால் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தையல் செக்‌ஷன் பெண்கள் டம்ளரோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரெண்டு புங்கங்கன்றுகள், ரெண்டு பலகைகள் என்று எம்.டி. நினைத்திருந்தார். மூன்றாவதாக நடுவில் ஒன்று இருந்தது.

"இது யாருக்கு மேரிம்மா?"

"உங்களுக்கு சார். நீங்க இதுவரைக்கும் ஒரு மரமும் நடலியே."

எம்.டி.க்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. விருந்தாளிகளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தபடி கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது.

*சூசைராஜ். இந்தக் கம்பெனியின் தொட்டியில், நயீம் அகமது இறங்கச் சொல்லி இறங்கி, கம்பெனியின் தவறால் செத்தவர்.*

தமிழ் தெரியாத ரெண்டு பேர் மட்டும் கைதட்டினார்கள்.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று ஜெர்மன்காரர் சமீருல்லாவைக் கேட்டார். சமீருல்லா எம்.டி.யின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நினைவாக" என்று இங்கிலீஷில் ஒரே சொல்லில் முடித்தான்.

"நான் இத்தினி நீளம் எழுதி வெச்சிருக்கேன், நீ ஒரே வாயில முழுங்கிட்டியே தம்பி" என்றாள் மேரி. "முழுசா சொல்லு. இல்லாங்காட்டி நானே அவரு கையப் புடிச்சி அந்தத் தொட்டிக்கு இட்டுனு போவேன்."

சமீருல்லா கண்ணை மூடிக்கொண்டு முழுசாகச் சொன்னான்.

"அது ஒரு துரதிர்ஷ்டமான சம்பவம்" என்று எம்.டி. அவசரமாக இங்கிலீஷில் விளக்கினார். "நெஞ்சுவலி. அந்தக் காலத்தில் பாதுகாப்பு முறைகள் வேறு. சூழ்நிலையை வைத்துப் பார்க்க வேண்டும்."

ஜெர்மன்காரர் தாடையைத் தடவினார். கப்பல் ஏற வேண்டிய பெட்டிகள் அவர் கண் முன்னால் வந்துபோயிருக்க வேண்டும். பழைய விஷயம், உள்நாட்டு விவகாரம், நினைவாக என்று மட்டும் இருந்தால் எல்லோருக்கும் நல்லதில்லையா என்று மெதுவாக இழுத்தார்.

அப்போதுதான் துருக்கிக்காரர் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நண்பரே, உங்கள் பாராளுமன்றம் இதற்கு எப்படி ஓட்டுப்போடும்?" என்று வெகு மரியாதையாகக் கேட்டார்.

ஜெர்மன்காரரின் காது சிவந்தது. மத்தியானம் முழுக்கத் தான் பேசியது அவருக்கு ஞாபகம் வந்தது. அதைவிட, அது துருக்கிக்காரருக்கு ஞாபகம் இருக்கிறது என்பது புரிந்தது. நிமிர்ந்து நின்றார். பலகை அப்படியே இருக்க வேண்டும், ஒரு எழுத்தும் மாறக்கூடாது, அடுத்த முறை வரும்போது அது இங்கே இல்லையென்றால் ஆர்டரும் இருக்காது என்றார்.

துருக்கிக்காரரும் விடவில்லை. தன் ஆட்டுத்தோலும் அதே நிபந்தனையின் பேரில்தான் வரும் என்றார். ஜெர்மன்காரரின் வாக்கு எத்தனை நாள் நிற்கிறதென்று பார்க்க அவருக்கு ஆசை. இவ்வாறாக, ஒருவரை ஒருவர் மூக்குடைக்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தில் ரெண்டு நேச நாடுகளும் ஒன்றுபட்டு, தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. சூசைராஜுக்காக அங்கே யாரும் ஓட்டுப்போடவில்லை என்பது மேரிக்குத் தெரியும். அதைப் பற்றி அவளுக்குத் துளியும் வருத்தமில்லை.

எம்.டி. மண்வெட்டியை எடுத்தார். குனிய முடியாமல் குனிந்து, கன்றை வைத்து, மண்ணைத் தள்ளினார். வெள்ளைச் சட்டையின் முதுகு நனைந்துவிட்டது. பூவாளிக்காகக் கையை நீட்டினார். மேரி கொடுக்கவில்லை.

"படிங்க சார்."

"எல்லாரும் பாத்தாச்சே மேரிம்மா."

"நீங்க படிச்சி நான் கேக்கல."

வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியை ஒட்டி வந்து நின்றார்கள். விருந்தாளிகள் ரெண்டு பேரும், எதிராளிக்கு முன்னால் போய்விடக்கூடாதென்று, நின்ற இடத்திலேயே நின்றார்கள். எம்.டி. தொண்டையைக் கனைத்துக்கொண்டு முணுமுணுவென்று படித்தார்.

"வேலிகிட்ட நிக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றாள் மேரி.

அவர் மறுபடி படித்தார். இந்த முறை, தன் பெயர் வந்த இடத்தில் குரல் கொஞ்சம் தடுக்கியது. 'தவறால் செத்தவர்' வரை வந்து முடித்தார்.

மேரி பூவாளியைச் சாய்த்து, கன்றைச் சுற்றி நிதானமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"போதுமா?" என்றார் எம்.டி. கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே.

"இன்னிக்குப் போதும் சார்" என்றாள் அவள். "நினைவு நாளைக்கு வந்து படிங்க. வருஷா வருஷம்."