மடிப்பு இல்லாத அங்கி

எங்கள் அக்காவைத் தெருவில் எல்லோரும் ‘மடிப்பக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிச் சீருடை தைப்பது அவள் தொழில். கஞ்சி போட்டு, இஸ்திரி தேய்த்து, கத்தி மாதிரி மடிப்பு விழாமல் ஒரு துணியும் அவள் கையை விட்டுப் போனதில்லை. என் கைக்குட்டை கிடைத்தால்கூடத் தேய்த்துத்தான் திருப்பித் தருவாள். ஊர் மெச்சும், கூடப் பிறந்தவளுக்கல்லவா தெரியும் அவஸ்தை!

அவள் மகள் நீச்சல் போட்டிக்குப் போகிறவள். முதல் சுற்றில் பிய்த்து உதறுவாள். இறுதிச் சுற்றுக்குக் காத்திருக்கும் நேரத்தில் குளிரில் விறைத்துவிடுவாள்; அப்புறம் கை கால் வராது. போன வருடமும் இதே கூத்துதான்.

“இந்தத் தடவையும் இப்படின்னா டீம்ல எடுக்க முடியாதும்மா” என்று பயிற்சியாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பிள்ளை அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

அக்கா போர்த்திவிட்டதெல்லாம் சாதாரணப் பருத்தி விரிப்பு. நனைந்ததும் உடம்போடு ஒட்டிக்கொண்டு அதுவே குளிரும். நான் துண்டுக் கடையில் வேலை பார்க்கிறவள்; டர்க்கி துண்டு செய்கிற டெர்ரி துணியைக் கொண்டுவந்து, “அந்தப் பருத்தி வேணாம்க்கா, இந்தப் பருத்தியில ஒரு அங்கி தைச்சுக் குடு” என்று அவள் முன்னால் போட்டேன்.

“பருத்தி வேணாம்னு சொல்லிட்டு, இதையும் பருத்தின்னா எப்படி?”

“நூல் ஒண்ணுதான்க்கா, நெசவுதான் வேற. தடவிப் பாரு, மேலெல்லாம் குட்டிக் குட்டியா நூல் வளையம். அதுதான் தண்ணியக் குடிக்கும். இடையில காத்து நிக்கிறதால கதகதப்பாவும் இருக்கும்.”

“சொரசொரன்னு இருக்கு” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே கத்திரியை எடுத்தாள். வெட்டிய இடமெல்லாம் பஞ்சு கொட்டியது. அத்தானின் தேநீரில்கூட மிதந்தது. பேச்சு வாங்கியது என்னவோ நான்தான். இருந்தாலும், தலைமூடி வைத்து, முழுக்கையோடு, பிரமாதமான அங்கி ஒன்று தயாரானது.

பயிற்சிக்கு அதைப் போட்டுப் பார்த்தபோது, அட்டைப்பெட்டிக்குள் நின்ற மாதிரி நின்றாள் பிள்ளை. அங்கி தண்ணீரையும் ஒழுங்காக உறிஞ்சவில்லை. பிள்ளைக்குப் பல் தந்தியடித்தது. துணியைத் தடவிப் பார்த்தேன், வளையமெல்லாம் நசுங்கிக் கிடந்தது.

“கஞ்சி போட்டுத் தேய்ச்சியா?”

“தேய்க்காம எப்படிடி? பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?”

“பாக்கிறவங்களுக்கா தைச்சே?”

எனக்கு வந்த கோபத்துக்கு இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவள் முகம் வாடியதைப் பார்த்ததும், பிள்ளையிடமிருந்து அங்கியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கஞ்சி போக அலசினாள். உதறினாள், காயப்போட்டாள், பாதி காய்ந்ததும் மறுபடி உதறினாள். வளையங்கள் மெல்ல எழுந்துகொண்டன. கொடியிலிருந்து எடுத்தபோது அவள் கை தானாக இஸ்திரிப் பெட்டி பக்கம் போனது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கையை இழுத்துக்கொண்டாள்.

போட்டியன்று அந்த மடிப்பில்லாத துணியோடுதான் வந்தாள். முதல் சுற்று முடிந்து பிள்ளை அங்கிக்குள் புகுந்தாள். கொஞ்ச நேரத்தில் உதட்டு நீலம் மறைந்தது. “சித்தி, பசிக்குது” என்று வாழைப்பழம் கேட்டு வாங்கித் தின்றாள். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது.

இறுதிச் சுற்று. அங்கியை அம்மாவிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். நான் பெஞ்சின் மேல் ஏறித் தொண்டை கிழியக் கத்தினேன். பின்தங்கியிருந்தவள் கடைசித் திருப்பத்தில் இருவரைத் தாண்டினாள். சுவரைத் தொட்டாள். பலகையில் அவள் பெயர்தான் மேலே!

“ஜெயிச்சுட்டாக்கா!” என்று திரும்பினால், குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கியை உதறிக்கொண்டிருக்கிறாள் மகராசி.

“யாரு?”

“உன் பொண்ணுதான்!”

“டீம்ல இருக்காம்மா!” என்று அந்தப் பக்கமிருந்து பயிற்சியாளர் கையாட்டினார். அக்காவின் காதில் எதுவும் ஏறவில்லை. “நகருங்க, பிள்ளை நனைஞ்சு வருது” என்று கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். அங்கியை விரித்துப் பிடித்துப் பிள்ளையைச் சுற்றி, தலைமூடியை இழுத்துவிட்டு, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அந்த இடமே திரும்பிப் பார்க்கும்படி, அதுவரை நான் கேட்டே இராத குரலில் கத்தினாள்:

“என் பொண்ணு ஜெயிச்சுட்டா!”