நாற்பதாவது வண்ணத்துப்பூச்சி

உலகத்து விஞ்ஞானிகள் எல்லோரையும் லொறியில் ஏற்றிவந்து, கிளிநொச்சியில் எங்கள் கல்லூரி வேலியோரம் இறக்கிவிட்டாலும், சுதாஜினி அக்காவின் ஒரு கண்ணுக்கு ஈடாகாது. வண்ணத்துப்பூச்சி தன் பெயரைத் தாயிடம் கேட்டு அறியமுதலே அக்கா அதைக் கொப்பியில் எழுதிவிடுவார்.

பிழைப்புக்கு அவர் ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறார். நான் கன்ரீனில் தேத்தண்ணி ஊற்றுகிறேன். கணிதம் என்னைக் கைவிட்டது. நானும் அதைத் தேடிப் போகவில்லை.

தினமும் எட்டரைக்கு அக்கா உருத்திரபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். வேலியோரம் செடிகொடி மண்டிய பற்றைக்குள் ஒரே பாதையில், ஒரே வேகத்தில் நடந்து, கண்ட வண்ணத்துப்பூச்சிகளை எல்லாம் எழுதுவார். ஒருநாள் ரொபி இனிப்பு சுற்றிவந்த உறையைப் பூச்சிபோல வெட்டி நாயுருவிச் செடியில் ஒட்டிவைத்தேன். அக்கா அதன்முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கால் மணித்தியாலம் நின்றார். நான் சிரித்த சிரிப்பில் கேத்தில் கவிழ்ந்தது.

இந்தக் கிழமை சிரிப்பு வரவில்லை. பற்றையை வழித்து வாகனத் தரிப்பிடம் போடப் போகிறார்களாம். நாற்பது வகை வண்ணத்துப்பூச்சி இருந்தால் பற்றையை விட்டுவைக்கலாம், பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் வரவேண்டும் என்றது நிர்வாகம். அக்காவிடம் இருந்தது முப்பத்தொன்பது. புதன்கிழமையிலிருந்து மழை.

வியாழன் பின்னேரம் தேத்தண்ணி ஆறும்வரை அக்கா குடிக்கவில்லை.

"நாளைக்கும் பெய்தால் என்னடி செய்யிறது, யது?"

"பூச்சிக்குக் குடை பிடிப்பம் அக்கா."

அவர் நகத்தைக் கடித்தார். கடிக்க அதிகம் மிச்சமில்லை. போகும்போது கொப்பியை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார். சாப்பிடும்போதுகூட மடியில் வைத்திருக்கிற கொப்பி. அதை நான் எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலையும் தூறல். ஆய்வுகூடச் சுவர்ப் படத்தில் பார்த்த, அவரிடம் இல்லாத ஒரு பெயரைக் கொப்பியில் எழுதினேன். நேரம்? அக்கா வரமுதல் என்று போட்டால் ஒருவரும் மறுக்க முடியாது. காலை 6.10 என்று போட்டேன்.

அக்கா நனைந்தபடி வந்தார்.

"அக்கா, நாற்பதாவதை நான் கண்டனான்! எழுதியும் வைச்சிட்டன்."

"மெய்யே?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு வரியைப் படித்தார். பேனையை எடுத்து அதன்மேல் நேராக ஒரு கோடு இழுத்தார்.

"முப்பத்தொன்பதுதான் குடுக்கப் போறன்."

"அக்கா, பற்றை போயிடும்!"

"வெய்யில் ஏறிச் செட்டை சூடாகாமல் இதுகள் பறக்காதடி. நீயும் ஏழரைக்கு முதல் எழும்பமாட்டாய். அப்ப ஆறு பத்துக்குக் கண்டது ஆர்?"