தொட்டி வாயிலில் மாட்டிய டோக்கன்

என் அண்ணன் பர்னபாஸ் நந்திதுர்க் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் பிறந்து, அரபிக் கடலில் ஒரு கப்பலின் தொட்டிக்குள் மூச்சுத்திணறி இறந்தார். வயது முப்பத்தெட்டு. யாரிடமும் சொல்லாமல் தன்னிச்சையாக இறங்கினார் என்பது நிறுவனத்தின் அறிக்கை. அது உண்மையல்ல என்பதால் இதை எழுதுகிறேன்.

அப்பா வேலை பார்த்த அந்தச் சுரங்கம் மூடியபோது அவருக்குப் பதினாறு வயது. பன்னிரண்டு ஆண்டுகள் பங்காருபேட்டையில் ரயிலேறி, பெங்களூருக்கு வெல்டிங் வேலைக்குப் போனார். பிறகு, கடலில் உள்ள எண்ணெய்க் கிணறுகளுக்கு டீசலும் குடிநீரும் துளையிடப் பயன்படும் சேற்றுக் கலவையும் கொண்டுபோகும் கப்பலில் சேர்ந்தார். கலவையை இறக்கியபின் தொட்டிக்குள் இறங்கி அடியில் படிந்ததை வாருவதும் அவர் வேலை.

"அப்பா கீழ எறங்குனாரு, நானும் எறங்குறேன். என்து தண்ணி மேல மெதக்குது, அவ்ளோதான், ஐடா" என்று தங்கை என்னிடம் சொல்வார்.

எண் 417 பொறித்த அப்பாவின் பித்தளை டோக்கன் அவரிடம் இருந்தது. ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏறுமுன் டோக்கனைப் பலகையில் மாட்டி, மேலே வந்ததும் எடுத்துக்கொள்வது சுரங்க வழக்கம். பலகையில் டோக்கன் மிஞ்சினால் ஆள் கீழே இருக்கிறார். அண்ணன் அதைத் தொட்டி வாயிலில் மாட்டிவிட்டே இறங்குவார். "இன்னாண்ணா, தங்கம் எடுக்கப் போறியா?" என்று உடன் வேலை பார்த்த, எங்கள் ஊரின் மைசூர் மைன்ஸ் பகுதிக்காரன் கிறிஸ்டோ கேலி செய்வானாம்.

அடக்கம் முடிந்த மறுநாள் கிறிஸ்டோ தொலைபேசியில் பேசினான்.

"சீஃப் ஆபீசர்தான்க்கா எறங்கச் சொன்னாரு. காத்து பாக்குற மெஷின் ரிப்பேரு. லேட்டாவுதுன்னு அவசரப்படுத்துனாரு."

"இத எழுதிக் குடுப்பியா?"

"வேணாங்க்கா. நான் இன்னொரு கப்பல் ஏறணும்."

இரு வாரம் கழித்து அண்ணனின் பெட்டி வந்தது. உடன்வந்த பட்டியலில் பதினான்கு பொருள்கள். ஒன்பதாவது: "பித்தளை வில்லை, ஒன்று. மூன்றாம் தொட்டி வாயிலில் தொங்கியது." ஒளிந்து இறங்குபவர் தம் அடையாளத்தை வாயிலில் மாட்டிவிட்டுப் போவதில்லை. இதைச் சுட்டிக்காட்டி, அறிக்கையைத் திருத்துமாறு நிறுவனத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். விபத்தை ஆராய்ந்த அரசு விசாரணை அதிகாரிக்கு முதலில் அனுப்பாதது என் பிழை.

தபால் அனுப்பிய நாற்பதாம் நாள் திருத்தம் வந்தது. அறிக்கைக்கு அல்ல, பட்டியலுக்கு. "பித்தளை வில்லை, ஒன்று. அறையில் இருந்தது." முந்தையது எழுத்தர் தவறு என்று ஒரு வரி விளக்கம். விசாரணை அதிகாரி இரண்டாவது பட்டியலை ஏற்றுக் கோப்பை முடித்தார். டோக்கனைக் கொண்டுவருமாறு எவரும் கேட்கவில்லை.

டோக்கன் என்னிடம் உள்ளது. அதில் ஒரு சாண் நீல நைலான் கயிறு, கத்தியால் அறுத்த முனையோடு, இன்னும் முடிச்சிட்டபடி இருக்கிறது. கயிற்றின் இழைகளில் சேற்றுக் கலவை காய்ந்து ஒட்டியிருக்கிறது. நான் அதைக் கழுவவில்லை.