கௌரவத்துக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு

எனக்குக் கோபம் வந்தால் ஒரு நாளில் தீராது. ஊறுகாய் மாதிரி போட்டு வைத்து, வேண்டும்போதெல்லாம் எடுத்துக்கொள்வேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்தில் முப்பது வருடமாக டைப் அடித்துக் கொடுக்கிறேன். முதலில் தமிழ் டைப்ரைட்டர், அப்புறம் கம்ப்யூட்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி, தாசில்தாருக்கு மனு, எதுவானாலும் என் விரல் வழியாகத்தான் போகும். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் நான் முதல் வகுப்பு. இதை யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

மூன்று வருடத்துக்கு முன் கடைக்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். ஆறே மாதத்தில் அது எனக்கு முதலாளி ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் எதிரே நின்றுகொண்டு, "சீக்கிரம் அடிங்கம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பறக்கும்போதுதான் அதற்கு அப்டேட் வரும். அணைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். என் சொந்த மிஷினைத் திறக்க என்னிடமே கணக்கு எண் கேட்கும். கருமாதிப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் சீட்டு விளையாடக் கூப்பிடும். என் ஃபைலை என்னைக் கேட்காமல் ஆகாயத்தில் எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கே இடம் நிறைந்துவிட்டது, காசு கட்டு என்று மிரட்டும். அதைச் செய்தவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால், கடை ஸ்டூலில் உட்காரவைத்து, தண்ணீர்கூடக் கொடுக்காமல், "அப்டேட் ஆகுது, அசையாதீங்க" என்று சாயங்காலம் வரை வைத்திருப்பேன்.

அப்படி ஒரு நாள் நான் லேப்டாப்பின் முதுகில் ஓங்கி அறைந்துகொண்டிருந்தபோதுதான் அவர் வந்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், கே.கே. நகரில் வீடு. எங்கள் பகுதியில் இலவசக் கண் முகாம் நடத்தும் சங்கத்தில் அவரும் உறுப்பினர், நானும் உறுப்பினர். சங்கத்துக் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு, டைப் வேலை என் பொறுப்பு. சட்டைப்பையில் பேனா வைத்துக்கொள்கிற இடத்தில் பென் டிரைவ் வைத்திருப்பார்.

"அடிக்காதீங்கம்மா. பெட்டி நல்ல பெட்டிதான். உள்ள இருக்கிற சிஸ்டத்தை மாத்திடலாம். லினக்ஸ் போட்டுத் தரேன்."

"இலவசமா?"

"இலவசம்னு சொல்லாதீங்க. சுதந்திரம்னு சொல்லுங்க."

சுதந்திரம் வந்த முதல் மூன்று நாள் பிரிண்டர் வேலை செய்யவில்லை. பத்திரிகைக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வளைவெழுத்து ஃபான்ட் ஒன்றும் ஒத்துவரவில்லை. "நெட்ல லினக்ஸ்காரங்க மன்றம் இருக்கு, அதுல கேளுங்க, உலகம் முழுக்க ஆளுங்க இருக்காங்க" என்றார். கேட்டேன். எந்த ஊர்க்காரனோ ஒருவன், இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது, தேடிப் படித்துவிட்டு வா என்று எழுதினான். காசு வாங்குகிறவன் மிரட்டுகிறான், காசு வாங்காதவன் அதட்டுகிறான். இரண்டு பேருக்கும் நடுவில் ஸ்ரீரங்கத்தில் ஒருத்தி பத்திரிகை அடித்துப் பிழைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அது வேகமாக ஓடியது, மறுக்க மாட்டேன். சீட்டாடக் கூப்பிடவில்லை. என் பழைய டைப்ரைட்டர் விசைகளையே அதில் அமைத்துக் கொடுத்தார், விரல்கள் பழைய இடங்களுக்கே போய்க்கொண்டன. ஒரே ஒரு எரிச்சல்தான். நான் அடிக்கிற சொல்லுக்கு அடியில் அது சிவப்பாக நெளிகோடு போட்டது. மருங்காபுரிக்குக் கோடு, உப்பிலியபுரத்துக்குக் கோடு, சௌபாக்கியவதிக்குக் கோடு. முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் சௌபாக்கியவதி அடித்திருப்பேன்! எனக்கே தமிழ் சொல்லித்தர வந்துவிட்டதா என்று அந்தக் கோடு வரும் வசதியையே அணைத்துவிட்டேன். அவர் பார்த்துவிட்டு, "அதை வெச்சிருங்கம்மா, சில சமயம் உதவும்" என்றார். நான் அடுத்த பத்திரிகைக்குப் போய்விட்டேன்.

என் அக்கா மருங்காபுரியில் இருக்கிறாள். வானம் பார்த்த பூமி, கொஞ்சம் கடலை, நாலு ஆடு. அத்தான் போய்ச் சேர்ந்த பிறகும் நிலத்தை விட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவள். இரண்டு கண்ணிலும் புரை. "எல்லா மூஞ்சியும் பால்ல நனைச்ச துணி மாதிரி இருக்குடி. குரலை வெச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறேன்" என்றாள் ஒருமுறை. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சங்கத்து முகாம் பட்டியலில் அவள் பெயரையும் நானே சேர்த்தேன். அக்காவிடம் செல்போன் கிடையாது, அதனால் போன் நம்பர் கட்டத்தில் என் நம்பரை அடித்தேன். பெயர் கம்ப்யூட்டரில் இருந்தால்தான் சீட்டு, சீட்டு இருந்தால்தான் ஆபரேஷனுக்கு வேனில் ஏற்றுவார்கள்.

முகாம் வந்தது கல்யாண சீசனில், அன்று பத்திரிகைக் கூட்டம், என்னால் கடையை விட்டு நகர முடியவில்லை. அக்கா தனியாக பஸ் பிடித்து வந்தாள். மத்தியானம் பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டாள், மருங்காபுரியிலிருந்து.

"என்னக்கா, ஆபரேஷன் ஆகலையா?"

"என் பேரு இல்லையாம்டி. மூணு தடவை தேடிப் பாத்தாங்க. அப்படி யாருமே இல்லன்னுட்டாங்க. திரும்பி வந்துட்டேன்."

தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. என் லேப்டாப்பில் பட்டியலைத் திறந்தேன். பெயர் இருக்கிறது! அடித்துத் தேடினேன், கண் சிமிட்டும் நேரத்தில் வந்து நின்றது. அப்படியே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். அவர், அதே லினக்ஸ் ஓடும் சங்கத்துக் கம்ப்யூட்டரில் தன் முறைப்படி, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ் வருமே, அப்படி அடித்துத் தேடினார். இல்லை என்றது.

"நான் தேடினா வருது, நீங்க தேடினா வரலை. இப்ப என்ன சொல்றீங்க?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையையே பார்த்தார். "லிஸ்ட்லதான் ஏதோ சந்தேகமா இருக்குங்கம்மா. ரெண்டு நாள் டைம் குடுங்க, பாத்து சொல்றேன்."

"என் லிஸ்ட்லயா? நான் ஹையர்ல ஃபர்ஸ்ட் கிளாஸுங்க!"

இரண்டு நாள் யார் கொடுப்பார்கள்? அன்றே அவர் நம்பரை பிளாக் செய்தேன். அன்று சாயங்காலமே சங்கச் செயலாளர் வீட்டுப் படி ஏறினேன். ஒரு வாரம், தினமும். ஓசி சிஸ்டத்தை வைத்துக்கொண்டு ஏழை ஜனங்களின் கண்ணோடு விளையாடுகிறார் என்றேன். கண் தெரியாத ஒரு பொம்பளை இரண்டு பஸ் மாறி வந்து வெறுங்கையோடு திரும்பினாள் என்றேன். அழவும் செய்தேன். அந்த அழுகை பொய் இல்லை, ஆனால் அதன் பலன் எனக்குத் தெரிந்தே இருந்தது. கடைசியில் அவரை நீக்குவது, காசு கொடுத்து வாங்கும் சிஸ்டத்தோடு புது லேப்டாப் வாங்குவது என்று முடிவாயிற்று. கடிதத்தை நான்தான் அடித்தேன். 'தங்கள் வயதையும் கௌரவத்தையும் கருதி, தாங்களே பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.' முப்பது வருடத்தில் எந்தப் பத்திரிகையையும் அவ்வளவு ரசித்து அடித்ததில்லை. ஸ்டாம்ப்பை நாக்கால் நனைத்து ஒட்டும்போது இனித்தது.

ஐந்தாம் நாள் அதே கடிதம் என் கடை முகவரிக்கே திரும்பி வந்தது. கையெழுத்து இல்லை, பதில் இல்லை. கௌரவம் என்ற சொல்லுக்கு அடியில் மட்டும் சிவப்பு மையால் ஒரு கோடு.

ஓஹோ, கௌரவத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாரோ! அதைக் கிழிக்கவில்லை. கடைச் சுவரில், லேப்டாப்புக்கு நேர் மேலே, டேப் போட்டு ஒட்டினேன். கோபம் ஆறுகிற மாதிரி தெரிந்தால் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

அடுத்த முகாமுக்கு மூன்று மாதம் இருந்தது. நடுவில் அக்கா ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய், தொட்டி விளிம்பு தெரியாமல் தடுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. மணப்பாறையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு வந்தேன். இடது கையால் சோற்றைத் துழாவிச் சாப்பிட்டாள். கே.கே. நகர் ஆள்தான் அந்தக் கையைப் பிடித்து ஒடித்தார் என்றே எனக்குப் பட்டது. நாசமாகப் போக, அந்த ஆளும் அவர் சுதந்திரமும் என்று பஸ்ஸில் வாய்விட்டே சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள்.

இரண்டாவது முகாமுக்குக் கடையைப் பூட்டிவிட்டு நானே அக்காவை அழைத்துப் போனேன். புது லேப்டாப், புது சிஸ்டம், பழைய பட்டியல். மேஜையில் உட்கார்ந்திருந்தது ஒரு காலேஜ் டீச்சர். எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாள் பெயரே சொல்லவில்லை. இடுப்பிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, "இருநூத்திப் பதினாலாம் நம்பருங்க" என்றாள். டீச்சர் அந்த வரிசைக்குப் போய்ப் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். என்ன பழக்கமோ என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா தன் பெயரைச் சொன்னாள். டீச்சர் அடித்தார். தேடினார்.

"உங்க பேரு இல்லீங்களே."

அக்கா திரும்பி நடக்கத் தயாராகி, என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"நகருங்க" என்று டீச்சரைத் தள்ளாத குறையாக நான் உட்கார்ந்தேன். இந்த முறை வையவும் ஆள் இல்லை. பட்டியலை முதலிலிருந்து உருட்டினேன். முந்நூற்று ஒன்றாவது வரிசையில் பெயர் இருந்தது. பக்கத்திலேயே டீச்சரை அடிக்கச் சொன்னேன். இரண்டும் அச்சு அசல் ஒன்று. அக்காவின் பெயர் 'சௌ' என்ற எழுத்தில் ஆரம்பிக்கும்.

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?" என்றார் டீச்சர்.

அவர் அடித்த 'சௌ'வுக்குப் பின்னால் நிறுத்தி, அழிக்கிற பொத்தானை ஒரு தடவை தட்டினேன். 'ச' நின்றது. நான் அடித்ததற்குப் பின்னால் நிறுத்தித் தட்டினேன். 'செ' நின்றது.

டைப்ரைட்டரில் ஔகாரத்துக்குத் தனி விசை கிடையாது. கொம்பைப் போட்டு, எழுத்தைப் போட்டு, பின்னால் ஒரு 'ள' போட வேண்டும். அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அப்படி அடித்துத்தான் முதல் வகுப்பு வாங்கினேன். தாளில் அது சௌ. கம்ப்யூட்டருக்கு அது 'செ', அப்புறம் ஒரு 'ள'. உலகத்தில் யார் சரியாக அடித்துத் தேடினாலும் என் அக்கா கிடைக்க மாட்டாள். என்னைப் போலவே தப்பாக அடிக்கிற நான் தேடினால் மட்டும் கிடைப்பாள்.

திருத்தினேன். அக்காவுக்குச் சீட்டு கிடைத்து, வேன் ஏறினாள். நான் அங்கேயே உட்கார்ந்து 'ள'வைத் தேடி எண்ணினேன். சௌ, கௌ, மௌ என்று என் விரல் காணாமல் அடித்த பெயர்கள் மொத்தம் பன்னிரண்டு. இருநூற்றுப் பதினாலும் அதில் ஒன்று.

கடைக்கு வந்ததும் அந்தச் சிவப்புக் கோட்டு வசதியை மறுபடி போட்டேன். பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்தேன். சௌபாக்கியவதிக்கு அடியில் நெளிந்தது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். கௌரவத்துக்கு அடியில் அதே கோடு. மனிதர் பாடம் எடுக்கவில்லை, தப்பைத்தான் காட்டியிருக்கிறார். அதை மூன்று மாதம் தலைக்கு மேலேயே ஒட்டி வைத்துக்கொண்டு அவரைச் சபித்திருக்கிறேன். அவ்வளவு நாள் சேர்த்து வைத்த கோபம் அத்தனையும் திரும்பி என் பக்கமே வந்தது, ஒதுங்க இடமில்லை.

இன்னொரு கடிதம் அடித்தேன். 'தங்களை உரிய கௌரவத்துடன் திரும்ப அழைக்கிறோம்.' செயலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். மறுநாள் காலை கே.கே. நகர் பஸ் ஏறினேன்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார். வீட்டம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். கடிதத்தை நீட்டினேன். மெதுவாகப் படித்தார். சட்டைப்பையில் இன்று சிவப்புப் பேனாவும் இருந்தது, அதை எடுக்கவில்லை.

"கோடு போடலீங்களா?"

"சரியா இருக்குங்கம்மா." மடித்து என்னிடமே கொடுத்தார். "ஆனா நான் வரலைங்க."

"தப்பு என்னுதுதாங்க. ஆயிரம் தடவை சொல்றேன். ஆனா நீங்க அன்னிக்கு கோட்டோட ரெண்டு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா?" அங்கேயும் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"எழுதியிருக்கலாம். கோவம். புரிஞ்சா புரியட்டும்னு விட்டுட்டேன். அது என் தப்பு." தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "ஆனா சும்மா இருக்கலைங்க. லிஸ்ட்டை உக்காந்து பாத்து பன்னெண்டு பேரையும் எடுத்துட்டேன். பதினோரு பேருக்கு போன் பண்ணி, பேரைச் சொல்லாதீங்க, இந்த வரிசை நம்பரைச் சொல்லுங்கன்னு எழுதிக்கச் சொன்னேன். ஒரே ஒருத்தருக்குத்தான் லைன் கிடைக்கலை. நாலு நாள் விடாம அடிச்சுப் பாத்தேன்."

அந்த ஒருத்தர் யார் என்று நான் கேட்கவில்லை. முந்நூற்று ஒன்றாவது வரிசையில் இருந்தது என் நம்பர், அவரை பிளாக் செய்து வைத்திருந்த அதே நம்பர். அதை மட்டும் ஓர் இலக்கம்கூடத் தப்பில்லாமல் அடித்திருந்தேன்.