சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம்

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், டிராம் பாதையோரம் இருந்த எங்கள் வீட்டு வாசலில், ஒரு கோடை முழுக்கப் பாய்மரப் படகொன்று டிரெயிலரில் நின்றது. வாங்கியவர் மாமா, அம்மாவின் தம்பி. பஸ் ஓட்டுகிறவர். நீந்தத் தெரியாது.

“வேலியாலை போன ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ளை விட்டிருக்கிறாய்,” என்றார் அம்மா. அதன்பிறகு குப்பைவாளியைத் தெருவுக்குக் கொண்டுபோவதென்றாலும் படகைத் தொடாமல் சுவரோரமாகத்தான் போவார்.

மாமாவைக் குறை சொல்லக் கூடாது. படகை விற்ற வெள்ளைக்காரர் சொல்லிக் கொடுத்தபடியே எல்லாம் செய்திருந்தார். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல். பின்பக்கம் தாழாமல் முட்டுக்கொடுத்து இரண்டு கட்டை. படகு வழுக்காமல் குறுக்கே இறுக்கிய பட்டி. ஆனால் வாகனம் வாங்கினால் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் நம்மவர்கள் ஓட்டுவார்களா? அது வெள்ளைக்காரருக்கு எப்படித் தெரியும்?

ஒரு வெள்ளிக்கிழமை பூசை வைத்தார் மாமா. பழம் நசுங்க டிரெயிலரை உருட்ட வேண்டும் என்று கல்லையும் கட்டைகளையும் எடுத்தார். மாலை போட இடைஞ்சல் என்று பட்டியையும் அவிழ்த்தார். பிறகு பாயோடு துணைக்குப் பின்னால் பூட்டியிருந்த எஞ்சினுக்குச் சந்தனம் வைக்கப் படகின் பின்பக்கம் ஏறி, எட்டு வயதுக்காரியான என்னையும் தூக்கிப் பக்கத்தில் இருத்தினார். எஞ்சினும் மாமாவும் நானுமாகப் பாரம் முழுக்கப் பின்னுக்கு. படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. படகு எங்களோடு டிரெயிலரை விட்டு வழுக்கத் தொடங்கியது. மாமா குதிக்கப் பார்த்தார்.

“எழும்பாதை.”

அம்மாதான். மோதகத் தட்டை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்து, உயர்ந்துவிட்ட படகு மூக்கின் கம்பியில் இரண்டு கையாலும் தொங்கினார். “குந்து. பிள்ளையை மடியிலை வை. அப்பிடியே அரக்கி அரக்கி நடுவுக்கு வா. ஒருத்தரும் குதிக்கக் கூடாது.”

அக்காவோடு எப்போதும் வாய்காட்டும் மாமா அன்று சொன்னதையெல்லாம் கேட்டார். மூக்கு மெல்ல இறங்கியது. என்னை இறக்கிவிட்டு, அவர் கல்லும் கட்டையும் வைத்துப் பட்டியை இறுக்கி முடிக்கும்வரை அம்மா கம்பியை விடவில்லை. முடித்த பிறகும் விடவில்லை.

“அக்கா, இனிக் காணும், விடு,” என்று மாமா அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். இரண்டு பேரும் அழுதார்கள். பழங்கள் நசுங்காமலே கிடந்தன.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. எங்கள் வீட்டில் யார் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள்? நானும் சொல்லவில்லை. கீழே விழுந்த மோதகத்தை மண் உதறித் தின்றபடி, அம்மாவுக்கும் படகு பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நன்றியை இன்றும் வைத்திருக்கிறேன்.

ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவர்கள் இருவரும் படகில் வந்தவர்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். அந்தப் பயணத்தில் மாமாவுக்கும் எட்டு வயது என்பதும், அவர் யாருடைய மடியில் இருந்தார் என்பதும், யாரோ எழும்பித்தான் அந்தப் படகு கவிழ்ந்தது என்பதும் அப்போது தெரியாது.